இறங்கிப்போன பெட்ரோல்

ராயபுரம்,
23 பிப்ரவரி 2025, ஞாயிறு.

அன்புள்ள லட்சுமணனுக்கு,

பாஸ்கல் எழுதிக்கொள்வது. இங்கே சில்வியாவும் பிள்ளைகளும் நலம். நீ தவறாமல் வேலைக்குப் போய் வருகிறாய், ஆனால் சரியாகச் சாப்பிடுவதில்லை என்று ஷாகுல் ஹமீது சொன்னான். லீவு முடிந்து அவன் புதன்கிழமை சவூதிக்குப் பிளைட் ஏறி தம்மாம் திரும்புகிறான். அவன் கையில்தான் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

போன் இருக்கும்போது லெட்டர் எதற்கு என்று கேட்பாய். இந்த மாதம் மூன்று தடவை உனக்குப் போன் போட்டேன் மாமு. மூன்று தடவையும் நீ "சொல்றா" என்றதும் வேறு எதையோ பேசிவிட்டு வைத்துவிட்டேன். அதனால்தான் இன்றைக்குப் பூசை முடிந்து வந்ததும் ரிப்பேர் ஷெட்டைத் திறக்காமல் எழுத உட்கார்ந்தேன்.

போன வாரம் மூலக்கொத்தளம் போய் வந்தோம். நான், சங்கமித்ரா, செங்கொடி மூன்று பேரும். உன் அம்மாவைப் புதைத்த இடத்தைச் சுத்தம் பண்ணி, பெயர்ப் பலகை நட்டுவிட்டோம். குப்பம்மா என்று எழுதி, கீழே தேதி போட்டிருக்கிறது. செங்கொடி போட்டோ எடுத்து உனக்கு அனுப்பியிருப்பாள். உன் பெண் படிப்பில் குறை இல்லை. வீட்டில்தான் பேச்சு குறைந்துவிட்டது.

விஷயம் உன் காரைப் பற்றியது. நிதானமாகப் படி.

போன ஆகஸ்டில் நீ கிளம்பும்போது சாவியைச் சங்கமித்ரா கையில் கொடுத்து, "அம்மாவ ஆஸ்பத்திரிக்கு இட்டுனு போறதுக்குத்தான் இது. ரிப்பேருன்னா பாஸ்கல் கீறான்" என்று சொன்னாய். நானும் பக்கத்தில்தான் நின்றேன். அவள் லைசென்ஸ் எடுத்து, மாதம் ஒரு தரம் நெஞ்சு டாக்டரிடம் மாமியாரைத் தானே வண்டி ஓட்டிக் கூட்டிப் போனாள். கொருக்குப்பேட்டை சந்துக்குள் ரிவர்ஸ் எடுப்பதில் உன்னைவிடத் தேவலாம் என்று அம்மாவே என்னிடம் சொல்லியிருக்கிறார்.

நவம்பர் மழைக்குப் பிறகு வண்டி தகராறு பண்ண ஆரம்பித்தது. ராத்திரி முழுக்க நின்றால் காலையில் எடுக்காது. செல்ஃப் நன்றாகச் சுற்றும், எஞ்சின் பிடிக்காது. ஐந்தாறு தரம் அடித்தால் ஒருவழியாகப் பிடிக்கும். அதற்கப்புறம் நாள் முழுக்க எங்கே நிறுத்தி எடுத்தாலும் ஒரே அடியில் கிளம்பும். அவள் ஷெட்டுக்கு ஓட்டி வரும்போதெல்லாம் எஞ்சின் சூடாக இருக்கும், என் கையில் ஒழுங்காக எடுக்கும். நான் பேட்டரி என்றேன். புதுசு போட்டேன். பத்து நாள் கழித்து மறுபடி வந்தாள். பிளக் என்றேன். நாலும் மாற்றினேன். ஒரு ராத்திரி வண்டியை என்னிடம் விட்டுவிட்டுப் போ, காலையில் நானே எடுத்துப் பார்க்கிறேன் என்று ஒரு தரம்கூடச் சொல்லவில்லை. ஷெட்டில் இடம் இல்லை என்பதுதான் அப்போது எனக்கு இருந்த காரணம்.

கிறிஸ்துமஸுக்கு முன்னால் ஒரு நாள் வந்தாள். "அண்ணே, நான் ஒண்ணு கண்டுபுடிச்சேன். சாவியப் போட்டு, செல்ஃப் அடிக்காம கொஞ்ச நேரம் வுட்டு, அணைச்சு, திருப்பிப் போட்டு அப்பால அடிச்சா கப்புனு புடிச்சுக்குது. இது இன்னாவா இருக்கும்ணே?" என்று கேட்டாள்.

லட்சுமணா, அவள் சொன்ன அந்த ஒரு விஷயத்தில் கோளாறு முழுவதும் இருந்தது. நேற்று வேலைக்குச் சேர்ந்தவன்கூட அதைக் கேட்டதும் பெட்ரோல் பம்பைத்தான் பார்த்திருப்பான். இருபத்திரண்டு வருஷம் தொழில் செய்தவன் நான். ஷெட்டில் இரண்டு கஸ்டமர் நின்றார்கள். வண்டி ஓட்டக் கற்று ஆறு மாதம் ஆகாத பொம்பளை எனக்குச் சொல்வதா என்று இருந்திருக்கும். சிரித்தேன். "அந்த மாதிரியெல்லாம் பண்ணாதம்மா, சுவிட்சு பூடும். கடல்காத்து ஈரம், வேற ஒண்ணும் இல்ல. ஆக்சிலேட்டர லேசா மிதிச்சுக்கினு ஒரே தம்மா அடி" என்றேன். அவள் சரிண்ணே என்று போய்விட்டாள்.

ஜனவரி பதினெட்டு சனிக்கிழமை மறுபடி போன் பண்ணினாள். வண்டி ரொம்ப மோசமாகிவிட்டது, அம்மாவுக்கும் இரண்டு நாளாக மூச்சு வாங்குகிறது, பயமாக இருக்கிறது என்றாள். திங்கள் கொண்டுவா என்றேன். திங்களன்று மணலி டேங்கர்க்காரர் ஒருவரின் வேனைப் பிரித்துப் போட்டிருந்தேன். புதன்கிழமை வா என்றேன்.

செவ்வாய் காலை அம்மா தண்ணீர் பிடிக்க எழுந்தவர், குடத்தை வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். வேர்த்துக் கொட்டியிருக்கிறது. ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டதில் இருபது நிமிஷம் ஆகும் என்றார்கள். வாசலில் வண்டி இருக்கிறதே என்று சங்கமித்ரா அம்மாவைப் பின் சீட்டில் படுக்க வைத்து, செங்கொடியைப் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டு எடுத்திருக்கிறாள். பிடிக்கவில்லை. ஐந்து ஐம்பத்தெட்டுக்கு எனக்குப் போன் வந்தது. அந்த நேரம் இன்னும் என் போனில் இருக்கிறது.

"அண்ணே, வண்டி எடுக்கல. அத்தைக்கு நெஞ்சு வலி. நான் அந்த ரெண்டு தரம் சாவி போட்டுப் பாக்கட்டா?" என்று கேட்டாள்.

கேட்டாள் மாமு. நான் வேண்டாம் என்றேன். "பேட்டரி எறங்கிடும். மிதிச்சு அடி, வுடாத அடி" என்றேன். போனிலேயே செல்ஃப் சுற்றுகிற சத்தம் கேட்டது. முதலில் வேகமாகச் சுற்றியது. பிறகு மெதுவானது. பிறகு டக் டக் என்று மட்டும் கேட்டது.

அதற்குப் பிறகுதான் எதிர்வீட்டு மண்ணாங்கட்டியை எழுப்பி அவர் ஆட்டோவில் ஏற்றினார்கள். நான் பைக்கை எடுத்துக்கொண்டு ஓடினேன். ரயில்வே கேட் போட்டிருந்தது. கூட்ஸ் போய்க்கொண்டிருந்தது, நீளமான வண்டி. ஆட்டோ முன்வரிசையில் நின்றது. நான் கிட்டே போனபோது அம்மா தலை சங்கமித்ரா மடியில் இருந்தது. செங்கொடி, "பாட்டி கை கனமா ஆயிடுச்சு மாமா" என்று என்னிடம் சொன்னாள். இன்னும் கொஞ்சம் முன்னால் கொண்டுவந்திருந்தால் பார்த்திருக்கலாம் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். அது எல்லாருக்கும் சொல்வதுதான் என்கிறான் ஷாகுல். நான் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை.

அன்று சாயங்காலம் நீ போனில் அழுதுகொண்டே, "நீ கூட இருந்தியே, அது போதும்டா" என்று சொன்னாய். நான் அதை வாங்கிக்கொண்டேன். அம்மாவைத் தூக்கிப்போன நாலு பேரில் நானும் ஒருவன். வாயைத் திறக்கவில்லை.

வண்டி இரண்டு வாரம் அப்படியே நின்றது. பிப்ரவரி ஐந்தாம் தேதி மண்ணாங்கட்டியும் நானும் கயிறு கட்டி இழுத்து ஷெட்டுக்குக் கொண்டுவந்தோம். பேட்டரியைச் சார்ஜ் போட்டு, ஒரு ராத்திரி நிற்க விட்டேன். காலையில் போனதும் வேறு எதையும் தொடாமல் பெட்ரோல் குழாயில் பிரஷர் கேஜ் வைத்துப் பார்த்தேன். முள் பூஜ்யத்தில் இருந்தது. டேங்குக்குள் இருக்கிற பம்பில் ஒரு சின்ன வால்வு உண்டு. வண்டி நிற்கும்போது பெட்ரோல் திரும்பி இறங்காமல் பிடித்து வைப்பது அதுதான். அது போய்விட்டது. ராத்திரி முழுக்க பெட்ரோல் டேங்குக்கே இறங்கிவிட, காலையில் குழாய் காலி. பம்பும் பலம் குறைந்திருந்தது. செல்ஃப் சுற்றும்போது பேட்டரியின் சக்தி அதற்கே போய்விடுவதால் பம்பு தள்ள முடியாமல் திணறுகிறது.

சாவியை ஒரு தரம் போட்டு விட்டேன். பம்பு இரண்டு வினாடி ஓடியது, முள் பாதிக்கு வந்தது. அணைத்துவிட்டு மறுபடி போட்டேன். முள் முழுக்க ஏறியது. செல்ஃப் அடித்தேன். முதல் அடியிலேயே பிடித்தது.

எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது. அதை அணைக்க எனக்குக் கை வரவில்லை.

பம்பை மாற்றிவிட்டேன். இப்போது எத்தனை நாள் நின்றாலும் எடுக்கும். வண்டியை விட வீட்டுக்குப் போனபோது சங்கமித்ராவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அரிசி களைந்துகொண்டிருந்தாள். "அப்ப நான் சொன்னது சரிதானாண்ணே?" என்று கேட்டாள். சரிதான் என்றேன். களைந்த தண்ணீரை வடித்தாள். திட்டுவாள் என்று நின்றேன். திட்டவில்லை. "நான் உங்க பேச்சக் கேக்காம போட்டுப் பாத்துருக்கணும்" என்றாள். அதையும் தன் மேலேயே போட்டுக்கொள்கிறாள்.

உன்னிடம் சொல்லச் சொன்னேன். "நான் சொன்னா, தப்பிக்கிறதுக்கு உங்க மேல போடறேன்னு நெனப்பாரு. வோணாம்ணே" என்றுவிட்டாள்.

"வாசல்ல வண்டி நிக்குது, நீ இன்னா பண்ணிக்கினு இருந்த?" என்று நீ அவளைக் கேட்டதும், அதற்குப் பிறகு அவளோடு பேசாததும் எனக்குத் தெரியும். அவள் சொல்லவில்லை, செங்கொடி சொன்னாள். உன் கோபத்தில் தப்பில்லை. அது வந்து சேர வேண்டிய ஆள் நான். முகத்தில் காறித் துப்ப வேண்டும் என்றால் ஜூனில் ஊருக்கு வரும்போது ஷெட்டுக்கு வா. இந்தச் சிநேகம் இதோடு போதும் என்றாலும் நான் ஏன் என்று கேட்க மாட்டேன். எனக்குப் பதில் எழுதவும் வேண்டாம்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். இதைப் படித்து முடித்ததும் வீட்டுக்குப் போன் போடு. செங்கொடிதான் எடுப்பாள். அவளோடு பேசிவிட்டு வழக்கம்போல வைத்துவிடாதே, போனை அவள் அம்மாவிடம் கொடுக்கச் சொல். நீ பேசுகிற நேரமெல்லாம் சங்கமித்ரா சமையல்கட்டுக் கதவுக்குப் பின்னால்தான் நின்றுகொண்டிருக்கிறாளாம்.

மாதா உங்கள் மூன்று பேரையும் காக்கட்டும்.

இப்படிக்கு,
பாஸ்கல்