வியாழக்கிழமை வெர்னா இருப்பாள்

பிராக்டர்ஸ் ஃபோர்க்
பிப்ரவரி 20

அன்புள்ள கார்லண்ட்,

நீ உடம்பும் மனமும் தேறி இருப்பாய் என்று நம்பி எழுதுகிறேன். நான் நலம். உன் அப்பாவும் நலம் என்று எழுதச் சொல்கிறார். அதில் பாதியை நம்பினால் போதும். உனக்கு முன்பே இதைப் பிரித்துப் படிக்கும் சிறை அலுவலருக்கும் என் வணக்கத்தைச் சொல்லிவிடுகிறேன்.

உன் கடிதம் சனிக்கிழமை வந்தது. விடுதலையானதும் முதலில் எங்கே போக ஆசை என்று கேட்டிருந்தேன் அல்லவா? ஆறு வருடமாகக் குழாயில் வரும் தண்ணீரைத்தான் பார்க்கிறேன், அகலமான தண்ணீரைப் பார்க்க வேண்டும் என்று எழுதியிருந்தாய். அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். "அப்போ மலை ஏரிக்குப் போவோம். நானும் வர்றேன்" என்றார். தபால் பெட்டிவரை அவர் நடந்தே ஒரு வருடம் ஆகிறது. வழியில் மூச்சு முட்டினால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். "இங்க முட்டுறது அங்க முட்டட்டும். பாக்கவாவது நல்லா இருக்கும்" என்றார். சுரங்கத் தூசி அவர் நுரையீரலைத்தான் தின்றது, நாக்கைத் தொடவில்லை.

அன்றே காலண்டரை எடுத்து உட்கார்ந்தேன். செப்டம்பர் 12 திங்கட்கிழமை நீ வெளியே வருகிறாய். செவ்வாயன்று நன்னடத்தை அதிகாரியைப் பார்க்க வேண்டும். மாநில எல்லையைத் தாண்டாதவரை வெளியே தங்க எழுத்தில் அனுமதி தருவதாக அவர் தொலைபேசியில் சொன்னார். ஏரி எல்லைக்குள்தான் இருக்கிறது. ஆகவே அந்த வாரக் கடைசியில் போய் ஞாயிறு திரும்பலாம் என்று முடிவு செய்தேன். ஏரிக்கரைப் பூங்காவில் வாடகைக்குப் பத்துக் கேபின்கள். ஒன்பதுக்குப் படிக்கட்டு. ஆறாம் எண்ணுக்கு மட்டும்தான் சக்கர நாற்காலி ஏறும் சரிவுப்பாதை. அப்பாவின் ஆக்ஸிஜன் எந்திரத்துக்குக் கட்டிலுக்குப் பக்கத்தில் பிளக் இருக்கிறது. மலையில் மின்சாரம் போனால் என்ன செய்வது என்று இரண்டு சிலிண்டர் கூடுதலாகக் கேட்டு வைத்திருக்கிறேன்.

இனி எழுதப்போவதை எழுதாமல் விட்டுவிடலாமா என்று மூன்று நாள் யோசித்தேன்.

கேபினுக்காகப் பூங்கா அலுவலகத்தைக் கூப்பிட்டபோது, "வணக்கம், வெர்னா பேசுறேன்" என்று குரல் வந்தது. வெர்னா ஸ்டிடம். அவள் இன்னும் பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை செய்கிறாள் என்றுதான் நினைத்திருந்தேன். வைத்துவிடலாமா என்று கை போனது. ஆனால் அந்த ஒரு கேபினை விட்டால் அப்பாவால் வர முடியாது. யார் பெயருக்கு என்று கேட்டாள். அப்பாவின் பெயரைச் சொன்னேன், ஹோபர்ட் டாக்கெட் என்று. பதிவேட்டின் தாள் புரளும் சத்தம் கேட்டது. பிறகு, "எத்தனை பேரு?" என்றாள். மூன்று என்றேன். "வெள்ளிக்கிழமை மூணு மணிக்கு மேல வந்து சாவி வாங்கிக்கலாம்" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

ஆறு வருடமாக எந்தக் கடிதத்திலும் நான் இதை எழுதியதில்லை. இப்போது எழுதுகிறேன். கல்யாண வீட்டிலிருந்து நீ குடித்துவிட்டு ஓட்டிவந்த வண்டி பாலத்தில் மோதியது. நீ பிழைத்தாய், பக்கத்தில் இருந்த அவள் மகன் டுவேன் பிழைக்கவில்லை. அவள் கையிலிருந்து சாவி வாங்கிக்கொண்டு நாம் ஏரியைப் பார்க்கப் போகிறோம். இது சரியா என்று எனக்குத் தெரியவில்லை. அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை. நீ என்ன சொல்கிறாயோ அப்படியே செய்கிறேன்.

உன் பதிலுக்காகக் காத்திருக்கும்,
அம்மா

---

பிராக்டர்ஸ் ஃபோர்க்
மார்ச் 27

என் அருமை கார்லண்ட்,

பல்வலி குறைந்ததா? அங்கே பல் மருத்துவர் மாதத்துக்கு ஒருமுறைதான் வருவார் என்கிறாய். வலிக்கிற பக்கம் மெல்லாதே. அப்பாவுக்கு இந்த மாதம் இரண்டு நாள் ஆஸ்பத்திரி. இப்போது வீட்டில்தான் இருக்கிறார். பீன்ஸும் சோளரொட்டியும் தின்றுவிட்டு உப்பு போதவில்லை என்று சண்டை போடும் அளவுக்குத் தெம்பு வந்திருக்கிறது.

உன் கடிதத்தில் இரண்டே வரி. "அங்க வேணாம்மா. கேன்சல் பண்ணிடு." நான் கோபப்படவில்லை. உன் இடத்தில் இருந்தால் நானும் அதைத்தான் எழுதியிருப்பேன். ஆனால் இதைத் தொலைபேசியில் சொல்வது கோழைத்தனம் என்று பட்டது. புதன்கிழமை நானே வண்டியை எடுத்துக்கொண்டு மலையேறினேன். மேல் வளைவுகளில் இன்னும் பனி கிடக்கிறது. ஏரியின் ஓரத்தில் மட்டும் பனிக்கட்டி உருகி, நடுவில் வெள்ளையாக இருந்தது.

அலுவலகத்தில் வெர்னா ஒருத்திதான் இருந்தாள். தலை முழுக்க நரைத்துவிட்டது. என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றாள், உட்காரச் சொல்லவில்லை. கேபினை ரத்து செய்ய வந்தேன் என்றேன். ஏன் என்று கேட்டாள். "உனக்குச் சங்கடம் வேணாமேன்னுதான், வெர்னா" என்றேன்.

"எனக்கு என்ன சங்கடம்னு நீயே முடிவு பண்ணிட்டியா?" என்றாள். "கடையில என்னைப் பாத்தா நீ அடுத்த வரிசைக்குப் போயிடுற. நானும் உன்னைப் பாத்தா அப்படித்தான் போறேன். ஆறு வருஷம் ஆச்சு இமோஜீன். ஒரு நாளாவது ஒரே வரிசையில நின்னோமா?"

அவள் மேஜைப் பதிவேட்டைத் திருப்பினாள். "வெள்ளிக்கிழமை எனக்கு லீவு. உங்க பேரைக் கேட்டதும் வேணும்னுதான் அந்த நாளைக் கொடுத்தேன், மூஞ்சியப் பாக்க வேணாமேன்னு. அப்புறம் தூக்கம் வரல. வியாழக்கிழமையே வாங்க. அன்னைக்கு நான் இருப்பேன்" என்றாள்.

நான் பயந்துபோனேன், கார்லண்ட். "என் மகனை என்ன செய்யப்போற?" என்றே கேட்டுவிட்டேன். அவள் முகம் மாறியது. "ஒண்ணும் செய்ய மாட்டேன். ஒண்ணே ஒண்ணு கேக்கணும்" என்றாள். "கல்யாண வீட்டுலேர்ந்து பாலம் வரைக்கும் நாப்பது நிமிஷம். கோர்ட்டுல போலீஸ் பேசுனாங்க, டாக்டர் பேசுனாரு, வக்கீலுங்க பேசுனாங்க. எவ்வளவு குடிச்சான், எவ்வளவு வேகம், எல்லாம் சொன்னாங்க. அந்த நாப்பது நிமிஷம் எம்புள்ள என்ன பேசிட்டு வந்தான்னு ஒருத்தரும் சொல்லல. பாடுனானா, சிரிச்சானா, தூங்குனானா? தெரிஞ்ச ஆளு உலகத்துலயே ஒருத்தன்தான். அவனும் ஜெயில்ல இருக்கான். நான் யாரைப் போய்க் கேக்குறது?"

பிறகு இதையும் சொன்னாள்: "மன்னிச்சுட்டேன்னு நினைச்சுக்காத. அது வேற, இது வேற."

வண்டியில் ஏறி உட்கார்ந்தவள் சாவியைப் போடாமல் அப்படியே இருந்தேன். இத்தனை வருடத்தில் நானும் உன்னிடம் அதைக் கேட்டதில்லை. உன் தோள்பட்டை எலும்பு சேர்ந்ததா, உனக்குத் தூக்கம் வருகிறதா என்றுதான் கேட்டேன். அந்தப் பையன் என் சமையலறையில் எத்தனை ஆப்பிள் பணியாரம் தின்றிருப்பான்! அவன் கடைசியாக என்ன சொன்னான் என்று கேட்க எனக்குத் தோன்றவே இல்லை.

வியாழன் முதல் ஞாயிறு வரை கேபின் நம் பெயரில் இருக்கிறது. அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "அவன் முடிவு பண்ணட்டும். நாம தள்ளவும் வேணாம், இழுக்கவும் வேணாம்" என்றார். அதன்படி நான் இனி இதைப் பற்றித் தொலைபேசியில் பேசமாட்டேன். நீ ஆற அமர யோசி.

அன்புடன்,
அம்மா

---

பிராக்டர்ஸ் ஃபோர்க்
செப்டம்பர் 2

கார்லண்ட், என் கண்ணே,

அங்கே உனக்கு நான் எழுதும் கடைசிக் கடிதம் இதுதான். 12ஆம் தேதி திங்கட்கிழமை சிறை வாசலில் காலை எட்டு மணிக்கே நிற்பேன். நீலச் சட்டை கொண்டுவருகிறேன்; உனக்கு இப்போது பெரிதாக இருக்கும். அப்பாவால் அவ்வளவு தூரம் வண்டியில் உட்கார முடியாது, வீட்டில் இருப்பார். இத்தனை வருடம் அவர் உன்னைப் பார்க்க வராததற்கு ஆக்ஸிஜன் மட்டும் காரணமில்லை என்று உனக்கும் தெரியும். ஆனால் நேற்றுத் தானாகவே சவரம் செய்துகொண்டார். இன்னும் பதினோரு நாள் இருக்கிறதே என்றேன். "ஒத்திகை" என்றார்.

ஐந்து மாதமாக ஒவ்வொரு தொலைபேசி அழைப்பிலும் நீ வானிலையைத்தான் விசாரித்தாய். நானும் வானிலையையே சொன்னேன். அதனால் இந்த வாரம் வந்த கடிதத்தை அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்துதான் பிரித்தேன். வியாழக்கிழமையே போகலாம் என்று எழுதிவிட்டாய். அந்தத் தாளை அப்பா என்னிடமிருந்து வாங்கித் தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார், திருப்பித் தரவில்லை.

டுவேன் பேசியதையெல்லாம் நோட்டில் எழுதிப் பார்த்ததாகவும், எழுதி எழுதிக் கிழித்ததாகவும் சொல்லியிருக்கிறாய். வேட்டை நாய் வாங்கப்போவதாகச் சொன்னானாம், மணப்பெண்ணின் தங்கையைப் பற்றிப் பேசினானாம். அவன் சொன்னதில் ஒன்று மட்டும் உனக்கு எதிரானது, அதைக் கோர்ட்டில்கூட நீ சொல்லவில்லை, அதை விட்டுவிட்டு மற்றதைச் சொன்னால் போதாதா என்று கேட்கிறாய்.

அது என்னவென்று நான் கேட்கப்போவதில்லை. என்னால் ஊகிக்க முடிகிறது. ஊகித்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். விடாதே, கார்லண்ட். வண்டியை நிறுத்து என்றோ, சாவியைக் கொடு என்றோ அவன் கேட்டு நீ செய்யாமல் போயிருந்தால், அதையும் வெர்னாவிடம் சொல். தன் பிள்ளை அந்த நேரத்தில் புத்தியோடு ஒரு வார்த்தை பேசினான் என்று ஒரு தாய்க்குத் தெரிவது சின்ன விஷயமில்லை. நாயையும் பெண்ணையும் மட்டும் சொன்னால், அவளுக்கு உரியதில் பாதியை நீயே வைத்துக்கொண்ட மாதிரி ஆகும்.

பூங்கா அலுவலகத்துக்குள் நீ மட்டும் போ. நான் அப்பாவோடு வண்டியில் இருப்பேன். எவ்வளவு நேரமானாலும் ஹாரன் அடிக்க அவரை விடமாட்டேன். அவள் கத்தலாம், கையை ஓங்கலாம், ஒன்றும் சொல்லாமல் உள்ளே எழுந்து போகலாம். எது நடந்தாலும் நின்று கேட்டுவிட்டு வா. நீ வெளியே வரும்போது எந்த முகத்தோடு வந்தாலும் நீ என் மகன்தான்.

பேசும்போது உன் குரல் உடையாமல் இருக்கக் கடவுளை வேண்டிக்கொள்கிறேன். உடைந்தாலும் நிறுத்திவிடாதே.

உன்னைப் பெற்றவள்,
இமோஜீன்