உன் பெயரில் வளர்ந்த ஃபோல்டர்

அன்பு மச்சானுக்கு,

இந்த மடலில் நான் சொல்லப்போவதை ஈரேழு பதினாலு உலகத்திலும் ஒருவரும் நம்பப் போவதில்லை. கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்தாலும் நம்ப மாட்டார்கள். நீயோ, இருந்த காலத்திலேயே நான் சொன்னதில் பாதியைத்தான் நம்புவாய். அதுவும் டீயும் பன்னும் வாங்கிக் கொடுத்தால். இருந்தாலும் சொல்கிறேன்.

நேற்றுக் காலை நம் ஜெராக்ஸ் கடையின் ஷட்டரைத் தூக்கிக் கம்ப்யூட்டரைப் போட்டேன். கேபினெட்டின் பக்கவாட்டில் நீ மாட்டிவிட்டுப் போன பித்தளை டோக்கன், உள்ளே ஃபேன் அதிர்ந்ததும் கிணிகிணி என்றது. தினமும் அப்படித்தான். ஆனால் நேற்று அது போட்ட சத்தத்தில் மர்பி டவுன் நாய்களெல்லாம் வரிசையாக எழுந்து நின்று சல்யூட் அடித்தன. திரையைப் பார்த்தேன். சி டிரைவில் இடமில்லையாம். பட்டை ரத்தச் சிவப்பில் கிடந்தது.

அந்த டோக்கன் உன் அப்பாவுடையது. தங்கவயல் சுரங்கத்தில் இறங்குமுன் பலகையில் அதை மாட்டிவிட்டு இறங்குவாராம். மேலே வந்ததும் கழற்றிக்கொள்வாராம். பலகையில் ஒரே ஒரு டோக்கன் தொங்கினாலும் கீழே வெடி வைக்கக் கூடாது. அதைக் கொண்டுவந்து நீ கம்ப்யூட்டரில் மாட்டியபோது, "ஏன்டா, இதுக்குள்ள தங்கமா வெட்டப்போற?" என்று கேட்டேன்.

"உனக்கு டெலீட் பட்டனைப் பார்த்தா கை அரிக்குது மச்சான். இது தொங்குற வரைக்கும் எதையும் அழிக்காத. உள்ள ஆள் இருக்கானான்னு பாரு, அப்புறம் வெடி வை" என்றாய்.

நீ போய் இரண்டு மழைக்காலம் ஆகிவிட்டது. ஒன்றையும் அழிக்கவில்லை. அழிக்காததன் பலன்தான் அந்தச் சிவப்பு.

ஞாயிற்றுக்கிழமை என்பதால் எலெக்ட்ரானிக் சிட்டியிலிருந்து அக்கா மகள் செல்வி வந்திருந்தாள். பிடித்து உட்கார வைத்தேன். புது விண்டோஸ் ஏறியபோது பழையது போகாமல் ஒரு மூலையில் படுத்துக் கிடந்திருக்கிறது. நான் அந்த ஃபோல்டரின் கழுத்தைப் பிடிக்கப் போனேன்.

"கைய எடு மாமா! சிஸ்டம் ஃபைலைக் கையால புடுங்கினா அரையும் குறையுமா நிக்கும். அதுக்குன்னு செட்டிங்ஸ்லயே கிளீனப் இருக்கு."

அதை ஓடவிட்டாள். அல்சூர் ஏரியை வற்ற வைத்தால் எவ்வளவு சேறு வருமோ அவ்வளவு வந்தது. அப்படியும் சிவப்பு மாறவில்லை. மிச்சத்தைத் தின்றுகொண்டு உட்கார்ந்திருந்தது உன் பெயரிலுள்ள யூசர் புரொஃபைல். என் புரொஃபைல் அதன் பக்கத்தில் ஒரு கடுகு.

"இவர்தான் இல்லையே மாமா. எடுத்துடலாம்" என்றவள், ஃபோல்டரைத் திறந்து பார்த்ததும் சட்டென்று நிமிர்ந்தாள். "மாமா... உள்ள முழுக்க யார் யாரோட கார்டோ இருக்கு. இதுல கடைசி ஃபைல் நேத்து சாயங்காலம் வந்திருக்கு."

முதலில் உன்னைத்தான் சந்தேகப்பட்டேன். மேலேயும் போய்க் கடை திறந்துவிட்டாயோ? அடுத்து வீட்டு ஓனர். ஷட்டருக்கு இன்னொரு சாவி அவரிடம் இருக்கிறது. சரியாக அந்த நேரம் எதிர் பேக்கரிக்காரர் எட்டிப் பார்த்து, கன்னடத்தில் "ஏன் குரு, சிஸ்டம் ஹோய்தா?" என்றார். போய்விட்டது என்று அவருக்கு யார் சொன்னது? ஏன் சிரிக்கிறார்? அப்புறம் செல்வியையே ஓரக்கண்ணால் பார்த்தேன்.

"என்ன மாமா என்னையே பார்க்குற?"

"ஒண்ணுமில்லம்மா. நேத்து சாயங்காலம் நீ எங்க இருந்த?"

"ஆஃபீஸ் கேப்ல, டிராஃபிக்ல. உன் மூஞ்சி!"

சிரிப்பை விடு மச்சான். ஆதார் கார்டு, பேங்க் புக், பொண்ணு போட்டோ என்று ஜீவனஹள்ளி வரைக்கும் உள்ள ஜனம் நம்மை நம்பித்தான் நீட்டுகிறது. உன் பெயரைப் போட்டுக்கொண்டு எவனோ ஒருத்தன் அதையெல்லாம் அள்ளுகிறான் என்றால், நம் கடைக்கு அப்புறம் யார் வருவார்கள்? மூடிவிட்டுப் போக வேண்டியதுதான்.

"பேசாம அழிச்சுடவா மாமா?" செல்வியின் விரல் பட்டனுக்கு மேல் நின்றது. கிணிகிணி என்றது உன் டோக்கன்.

"இரும்மா. உள்ள ஆள் இருக்கான்" என்றேன். அவள் என்னைப் பார்த்த பார்வையை நீ பார்த்திருக்க வேண்டும்.

அப்போது பின்தெரு ராணியம்மா ரேஷன் கார்டோடு வந்தார். "ஒரு ஸ்கேன் எடுத்து எம் பையனுக்கு அனுப்புப்பா. அந்தாளு இருந்தப்ப நிமிஷத்துல முடிப்பாரு." குத்தலை வாங்கிக்கொண்டு கண்ணாடி மேல் கார்டை வைத்து மூடினேன். எங்கள் கண் முன்னாலேயே, திறந்து கிடந்த உன் ஃபோல்டருக்குள் ராணியம்மாவின் முகம் வந்து உட்கார்ந்தது.

திருடன் நான்தான்! ஸ்கேனரைப் பொருத்திய அன்று நீ உன் பெயரில் நுழைந்து, வருவதெல்லாம் உன் ஃபோல்டரில் விழும்படி வைத்திருக்கிறாய். முகப்பில் 'ஸ்கேன்' என்று ஒரு ஐகானையும் எனக்குப் போட்டுத் தந்தாய். அதை அமுக்கினால் படம் வரும். எங்கிருந்து வருகிறது என்று நான் கேட்டதே இல்லை. இத்தனை நாளாக உன் வீட்டுக்குள் கொண்டுபோய்க் கொட்டியிருக்கிறேன். முன்பே வெடி வைத்திருந்தால் ஸ்கேனரும் செத்திருக்கும், செத்த காரணமும் எனக்குத் தெரிந்திருக்காது.

பிறகு வேலை ஒழுங்காக நடந்தது. ஸ்கேனரை என் ஃபோல்டருக்குத் திருப்பினாள் செல்வி. இன்னொரு ஸ்கேன் எடுத்துச் சரியாக வருகிறதா என்று பார்த்தோம். ஜனங்களின் கார்டுகளையெல்லாம் நிரந்தரமாக அழித்தோம். வேலை முடிந்த பிறகு அவை நம்மிடம் கிடந்ததே தப்பு. எல்லாம் போனபின் அடியில் ஒரே ஒரு படம் மிஞ்சியது. ஸ்கேனரை ஓட்டிப் பார்க்க அன்று கையில் காகிதம் இல்லாமல் நீ கண்ணாடி மேல் வைத்த உன் உள்ளங்கை. வளைந்த சுண்டுவிரல், கட்டைவிரலில் மை.

"இதையும்...?" என்று இழுத்தாள் செல்வி.

"அவன்தாம்மா அந்த ஆள். வெளிய எடு."

படத்தை என் பக்கம் மாற்றி, பென் டிரைவிலும் ஒன்று போட்டாள். அப்புறம்தான் உன் புரொஃபைலை முறைப்படி செட்டிங்ஸ் வழியாக நீக்கினோம். சிவப்பு நீலமானது. டோக்கனை நானே கழற்றினேன். இப்போது அது ஷட்டர் சாவியோடு என் சட்டைப் பையில் கிடக்கிறது. நடந்தால் சத்தம் போடுகிறது.

நாய்கள் சல்யூட் அடித்தது, ஏரிச் சேறு, பேக்கரிக்காரரின் சதிச்சிரிப்பு, இவற்றில் எதையும் நம்பாதே. வழக்கம்போல் நான் கட்டிய கதைகள். இன்று காலை ஆள் வருமுன் உன் கையைத் திரை நிறையப் பெரிதாக்கி, அதன் மேல் என் கையை வைத்துப் பார்த்தேன். அது மட்டும் நிஜம்.