பச்சை ராஜா

அன்புள்ள பெரிய அத்தானுக்கு,

வணக்கம். நீங்களும் அக்காவும் சுகமாக இருப்பீர்கள். இங்கே நானும் சுகம் என்று எழுதி அடுத்த வரிக்குப் போய்விட ஆசைதான். உங்கள் தம்பி பத்து நாளாக ஆஸ்பத்திரியில் இருக்கிறார்.

முதலில் வயிறு. கண்டதைத் தின்றிருப்பார் என்று நான்தான் திட்டினேன். பிறகு கால் மரத்துப்போய்ப் படியேற முடியவில்லை. போன வாரம் டாக்டர் அவர் விரல்களைத் திருப்பிப் பார்த்து, நகத்தில் குறுக்கே இந்த வெள்ளைக் கோடு எப்போதிலிருந்து என்று கேட்டார். உடம்பில் ஆர்சனிக் விஷம் ஏறியிருக்கிறதாம். வீட்டில் எங்கிருந்து வருகிறது என்று தேடச் சொன்னார்.

எங்கள் வீட்டில் மனிதர்கள் இரண்டு பேர், ராஜாக்கள் நூற்றுப் பன்னிரண்டு பேர். மாமா விட்டுப்போன ஐம்பத்தைந்து செஸ் செட்டுக்கும் தூசி தட்டியே என் பாதி ஆயுசு போயிற்று. எலி மருந்தைப் பார்த்தேன், தண்ணீர்த் தொட்டியைப் பார்த்தேன், அலமாரிப் பக்கம் மட்டும் போகத் தோன்றவில்லை. அருங்காட்சியகத்தில் பழைய பொருள்களைப் பழுதுபார்க்கும் அம்மாள் உங்கள் தம்பிக்குப் பழக்கம். விசாரிக்க வீட்டுக்கு வந்தவர், ஐம்பத்தாறாவது செட்டைப் பார்த்ததும் கையுறை கேட்டார். நீங்கள் அனுப்பிய பச்சையும் வெள்ளையும்தான். அந்தக் காலத்துப் பச்சைச் சாயத்தில் ஆர்சனிக் உண்டாம். தொட்டால் கையைக் கழுவிக்கொள்ளலாம், வாய்க்குள் மட்டும் போகக் கூடாது என்றார்.

உங்கள் தம்பி எப்படித் துடைப்பார் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. துணி நுனியை நாக்கில் நனைத்து, தேய்த்து, அதே நுனியை மறுபடி நாக்கில் வைப்பார். எச்சில்தான் சாயத்தை உரிக்காது என்று மாமா உங்கள் இருவருக்கும் பழக்கியதாம். சிப்பாய்களில் தொடங்கி ஆறு வாரத்தில் பதினைந்து பச்சைக் காய்களை முடித்துவிட்டார். ராஜா மட்டும் பாக்கி. அதைக் கொண்டுவா, அண்ணன் அனுப்பினது அரைகுறையா நிக்கக் கூடாது என்று படுக்கையிலிருந்து கேட்கிறார்.

மாமாவின் அலமாரியில் இருக்கும், கைதிகள் ரொட்டியைப் பிசைந்து செய்த செட்டை நீங்கள் மூன்று முறை கேட்டும் அவர் கொடுக்கவில்லை. அது தப்பு என்று அப்போதே அவரிடம் சொன்னேன். தம்பி காலத்துக்குப் பிறகுதான் அலமாரி முழுதும் அண்ணனுக்கு என்று மாமா எழுதிவைத்ததைச் சொல்லி வாயை அடைத்துவிட்டார். நான்கு வருஷம் பேச்சே இல்லை. அதனால்தான் உங்கள் பார்சல் வந்தபோது நான் அழுதுவிட்டேன். கூட வந்த கடிதத்தை அவருக்கு நான்தான் படித்துக் காட்டினேன். அப்பா முறையிலேயே துடை, வேறு யார் கையும் பட வேண்டாம் என்று எழுதியிருந்தீர்கள். பாசத்தில் எழுதியது என்றுதான் எடுத்துக்கொண்டேன்.

இப்படிப்பட்ட செட்டை எச்சரிக்கைச் சீட்டு ஒட்டாமல் எந்தக் கடையிலும் விற்கமாட்டார்கள் என்றார் அந்த அம்மாள். பெட்டி மூடியின் உள்பக்கம் பார்த்தோம். சீட்டைக் கிழித்த இடம் வெளுப்பாக இருக்கிறது. நான்கு மூலைகள் மட்டும் ஒட்டியிருக்கின்றன. ஒரு மூலையில் சிவப்பில் பாதி மண்டையோடு.

மூடியைப் பற்றி உங்கள் தம்பிக்கு நான் சொல்லவில்லை. சாயத்தைப் பற்றி மட்டும் சொன்னேன். பாவம் அண்ணன், அவனுக்கு எப்படித் தெரியும், எதையாவது எழுதி அவன் மனசை நோகடிச்சுடாதே என்று என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டார். அதை மீறித்தான் எழுதுகிறேன். எனக்குப் பயமாக இருக்கிறது, அத்தான். கோபமும் இருக்கிறது.

இருபதாம் தேதி பெட்டியையும் கூட வந்த காகிதங்களையும் டாக்டர் கேட்டிருக்கிறார். பெட்டியைக் கொடுத்துவிடுவேன். உங்கள் கடிதம் என் கைப்பையில் இருக்கிறது. அதற்குள் வந்துவிடுங்கள். அவர் தலைமாட்டில் உட்கார்ந்து, எனக்குத் தெரியாதுடா என்று உங்கள் வாயால் ஒரு தரம் சொல்லுங்கள். நீங்கள் என்ன சொன்னாலும் அவர் நம்புவார். நான் எதிரில் நின்று உங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

அவர் எழுந்து நடமாட வேண்டும் என்று மனதார ஆசீர்வாதம் செய்யுங்கள். மனதார என்றுதான் கேட்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் தம்பி மனைவி