உட்கார்ந்து சாப்பிட ஓர் ஓட்டல்

1939 பிப்ரவரி 5, ஞாயிறு

சம்பளம் வந்தது. சனிக்கிழமை டாக்கிப் படம் பார்க்கப் போகிறோம், அதற்கு முன்னால் ஓட்டலில் சாப்பாடு என்று அவர் சொல்லிவிட்டார். கலியாணமான நாளிலிருந்து நான் சமைக்காத சோற்றை, அவர் பக்கத்தில் உட்கார்ந்து, இன்னொருவர் பரிமாறத் தின்றதே இல்லை. விசேஷ வீடுகளிலும் எங்களுக்குக் கடைசிப் பந்தி, மாட்டுக் கொட்டகைப் பக்கம். அதனால் எனக்கு வாயெல்லாம் பல். "எந்த ஓட்டலுங்க?" என்று கேட்டதும் அவர் முகம் மாறியது.

"அதை நான் பாத்துக்கறேன் புள்ள."

நான் எங்கள் சாதிப் பிள்ளைகளுக்கென்று சர்க்கார் வைத்த லேபர் பள்ளிக்கூடத்து டீச்சர், அவர் ரயில்வே பிட்டர். சேலம் பட்டணத்தில் தெருவுக்குத் தெரு ஓட்டல். இதில் பார்த்துக்கொள்ள என்ன இருக்கிறது? இருக்கிறது. எனக்கும் தெரியும்.

பிப்ரவரி 7, செவ்வாய்

பள்ளிக்கூடம் விட்டு வரும்போது நானே பார்த்துக்கொண்டு வந்தேன். த்தூ.

கோட்டைப் பக்கத்துக் காப்பி கிளப்பில் யார் உள்ளே, யார் வெளியே என்று வாசலிலேயே பலகை. எங்கள் சாதிக்குச் சந்துப் பக்கம் ஒரு ஜன்னல். ஆணியில் துருப்பிடித்த தகர டம்ளர். குடித்துவிட்டு நாமே கழுவி மாட்ட வேண்டும். ஜங்ஷன் ரோட்டு மிலிட்டரி ஓட்டலில் பெஞ்சுக்கு அடியில் எலும்பு, எலும்பைச் சுற்றி நாய், நாயைச் சுற்றி ஈ. திறந்து கிடந்த மீன்குழம்புச் சட்டிக்குப் பக்கத்திலேயே ஒருவன் மூக்கைச் சிந்தினான். பெண்பிள்ளைகள் உட்காரச் சாக்குப் படுதா கட்டியிருக்கிறார்கள். சாப்பிட்டவன் எல்லாம் அதில்தான் கை துடைக்கிறான்.

மார்க்கெட் பக்கம் சாயபு ரொட்டிக் கடை மட்டும் பரவாயில்லை. அடுப்படி சுத்தம். யாரையும் ஊர் பேர் விசாரிப்பதில்லை. எல்லோருக்கும் ஒரே தட்டு. அவரிடம் சொன்னேன்.

"அங்கயா? அங்க பூரா நம்மாளுங்கதான் உக்காந்து திங்கறாங்க!"

அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். நாம் யாராம்?

பிப்ரவரி 9

இடம் முடிவாகிவிட்டது. கடைவீதியில் புது மிலிட்டரி ஓட்டல். மின்சார விளக்கு, சுவர் நிறையக் கண்ணாடி, குடும்பத்தோடு வருகிறவர்களுக்குத் தனி அறை. ஆனால் முதலாளி வாசலில் நின்றுகொண்டு "எந்த ஊருங்க?" என்று கேட்பானாம். அவன் கேட்பது ஊரை இல்லை, ஊரில் எந்தப் பக்கம் என்பதை. இவர் பதில் தயாராக வைத்திருக்கிறார். ஊர் மல்லசமுத்திரம், பேர் அருணகிரி, தொழில் பருத்தி வியாபாரம். நான் வாயே திறக்கக் கூடாது.

"டீச்சர்னு சொல்லிப்போடாதே. எந்தப் பள்ளிக்கூடம்னு கேப்பான்."

"உங்கப்பன் வச்ச வீரன்ங்கற பேருக்கு என்னங்க குறைச்சல்?" என்றேன்.

"ஒரு நாளைக்கு ஒரு சோறு நிம்மதியாத் திங்க உடமாட்டியா?" என்று கத்தினார்.

அவர் கேட்பதும் நியாயம்தானே என்று ஒரு மனசு சொல்கிறது. இன்னொரு மனசு ஒப்பவில்லை.

பிப்ரவரி 10

அவர் வேட்டிக்கு நீலம் போட்டேன். வேறு எழுத ஒன்றுமில்லை.

பிப்ரவரி 12, ஞாயிறு

நேற்று நடந்ததை எழுதிவிடுகிறேன்.

முதலாளி கேட்டான், இவர் சொன்னார், அவன் நம்பினான். "வாங்க, வாங்க, நம்ம பக்கத்து ஆளுங்களா!" என்று தனி அறையில் உட்கார வைத்தான். என் டம்ளர் விளிம்பில் யாருடையதோ வெற்றிலைச் சிவப்பு. பரிமாறியவனின் கட்டைவிரல் குழம்புக் கிண்ணத்தில் முங்கியிருந்தது. கறியில் மயிர். ஆட்டுடையதா ஆளுடையதா, யார் கண்டது. முதலாளி அறை வாசலில் நின்று பெருமை பேசினான்.

"இங்க கண்ட சாதியெல்லாம் உள்ள உடறதில்லீங்க. சுத்தபத்தமா இருக்குமுங்க."

இவர் தலையாட்டினார். அதோடு விட்டாரா? "அதனாலதானுங்க தேடி வந்தோம்" என்றார்.

சாப்பிட்டு முடித்ததும் இவர் தின்ற இலையைச் சுருட்டிக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்தார்! ஊரில் பண்ணை வீட்டு விசேஷங்களில் எங்கள் இலையை நாங்களேதான் எடுக்க வேண்டும். சின்ன வயதிலிருந்து பழகிய கை. இந்த ஓட்டலில் மற்றவர்கள் எல்லாம் இலையை அப்படியே விட்டுவிட்டுப் போகிறார்கள். அத்தனை ஒத்திகை பார்த்த மனுஷன் இதை மறந்துவிட்டார். முதலாளி புருவத்தைச் சுருக்கினான்.

"கொல்லையில போட்டுட்டு அப்படியே கை கழுவலாம்னு..." என்று இழுத்துக்கொண்டே இவர் பின்பக்கம் நடந்தார். நானும் போனேன். முதலாளியும் வந்தான்.

கொல்லையில் இலைக்கூடையோடு நின்றது சின்னாயி அக்கா. எங்கள் எதிர்வீட்டுக்காரி. என் பிள்ளை தவறியபோது நான் எழுந்து நடமாடும்வரை கஞ்சி காய்ச்சி ஊற்றியவள். ஏதோ ஓட்டலில் எச்சில் இலை வாரப் போகிறாள் என்று தெரியும். எந்த ஓட்டல் என்று நாங்கள் ஒருநாளும் கேட்டதில்லை.

அக்கா எங்களைப் பார்த்தாள், பின்னால் வந்த முதலாளியைப் பார்த்தாள். சட்டென்று கூடையை நீட்டி, "நீங்க எதுக்குங்க சாமி எடுக்கறீங்க? இதுல போடுங்க சாமி" என்றாள். "அதானே!" என்று முதலாளி சிரித்தான். அவன் சந்தேகம் போயிற்று. அக்கா எங்களைக் காப்பாற்றிவிட்டாள்.

அதற்கப்புறம் இவர் செய்ததுதான்... கூடை இவர் கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தது. இவர் பின்னால் நகர்ந்து, கையைத் தூக்கி, அவள்மேல் பட்டுவிடாதபடி மேலிருந்து இலையைப் போட்டார். காலமெல்லாம் எங்களுக்கு எப்படிப் போடுகிறார்களோ அதே மாதிரி. எலும்பு தெறித்து அக்கா சேலையில் விழுந்தது. "பாத்து நில்லு" என்றார். தினமும் அவளை அக்கா என்று கூப்பிடுகிற வாய்!

டாக்கிக்கும் போனோம். இவர் விழுந்து விழுந்து சிரித்தார். எனக்கு என்ன கதை என்றே தெரியாது.

பிப்ரவரி 13

காலையில் அக்கா அடுப்புக்குத் தணல் வாங்க வரவில்லை.

பிப்ரவரி 15, புதன்

இன்று கேட்டேவிட்டேன். "கிட்டப் போயிருந்தா மாட்டிக்கிட்டிருப்போம். உனக்கென்ன தெரியும்? அடிச்சுத் தொவச்சிருப்பானுங்க" என்றார்.

"கையைக் கொஞ்சம் தாழ்த்தியிருந்தா யாருக்குங்க தெரிஞ்சிருக்கும்?"

பயத்தில் செய்ததாகவே இருக்கட்டும். ஆனால் அந்தக் கை நடுங்கவில்லையே. நான் பார்த்தேனே. அவர் சட்டையைத் துவைக்கும்போதுகூட எனக்கு அருவருப்பாக இருக்கிறது. புருஷனைப் பற்றி இப்படி எழுதலாமா? எழுதிவிட்டேன்.

பிப்ரவரி 20

தண்ணீர்க் குழாயடியில் அக்காவைப் பிடித்தேன். அழுதுவிட்டேன்.

"நீ எதுக்கு அம்மணி அழுவறே?" என்றாள். "பொய் சொல்லித் தின்னதுல ஒண்ணும் தப்பில்ல. உங்களைப் பாத்ததும் எனக்குச் சந்தோசந்தான். நல்லாத் திங்கட்டும், அந்த நாயிங்களை ஏமாத்தட்டும்னுதான் நெனச்சேன். அப்புறம்..."

குடத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

மார்ச் 5, ஞாயிறு

சம்பளம். "இந்த மாசம் நீயே சொல்லு, எங்க போலாம்?" என்றார். எதிர்வீட்டுக்கு என்றேன். கடைக்குப் போய்க் கறி வாங்கி வந்தார். அக்காவுக்குக் கறி பிடிக்கும் என்று அவரேதான் சொன்னார்.

நான் முன்னால் போனேன், அவர் பின்னால். அக்கா கதவைத் திறந்து, "வா அம்மணி" என்றாள். அவரை நிமிர்ந்து பார்த்தாள். வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. கதவையும் சாத்தவில்லை. "அக்கா..." என்றார் அவர். அவள் உள்ளே திரும்பி எனக்கு மணை எடுத்துப் போட்டாள்.

உட்கார்ந்தேன். ராகிக் களியும் கொள்ளு ரசமும். அக்கா பக்கத்தில் இருந்து பரிமாறினாள். சூடாக இருந்தது, நல்ல பசி எனக்கு. அவர் கறிப் பொட்டலத்தோடு வாசலிலேயே நின்றார். நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அக்கா அவரையும் கூப்பிட்டிருப்பாள்.

சொல்லவில்லை. இன்னும் கொஞ்சம் ரசம் கேட்டு வாங்கிக்கொண்டேன்.