புள்ளிகளைத் துடைக்காத வியாழன்

புது ஃபிளெக்ஸின் வாடை உனக்குத் தெரியும். பெயின்ட்டும் மண்ணெண்ணெயும் கலந்தது மாதிரி, தலையை வலிக்கச் செய்யும் வாடை. இன்று காலை அதைச் சுருட்டி பைக்கில் கட்டி, கள்ளிக்குப்பத்தில் உங்கள் வீட்டுக்குக் கொண்டுபோனேன். சுருளுக்குள் படமாக நீ இருந்தாய். நாளை உனக்கு ஓராண்டு நினைவுத் திருப்பலி.

உன் முகத்துக்குப் பின்னால் வியாழன். அதற்காக ஒரு வாரம் உன் அப்பாவோடு சண்டை போட்டேன்.

அவர் கேட்டது எல்லா அஞ்சலி பேனரிலும் வருவதுதான். மேகம், வெள்ளைப் புறா, மேலிருந்து விழும் வெளிச்சம். நான் உன் லேப்டாப்பைத் திறந்து, நீ கடைசியாகச் செய்து முடித்த படத்தைக் காட்டினேன்.

"இன்னாடா இது, மாவு கரைச்சு ஊத்தினாப்ல கீது? கோயிலுக்கு வர்றவன் சிரிக்க மாட்டான்?"

"சிரிக்கட்டும்பா. உங்க புள்ள எந்தப் புறாவைப் பார்த்தான்? இது அவன் செஞ்சது."

மண்ணூர்பேட்டை கம்பெனியில் இரும்பைச் சூடேற்றும் உலைக்குப் பக்கத்தில் நாம் சேர்ந்து வெந்த காலம் நினைவிருக்கிறதா? சாப்பாடு முடிந்ததும் போனை நீட்டுவாய். வியாழனைச் சுற்றும் விண்கலம் எடுத்த படங்களை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று இணையத்தில் போட்டுவிடுகிறார்கள். துண்டு துண்டாக வருபவற்றை நீ ஒட்டி, நிறம் சேர்த்து, மறுநாள் கொண்டுவருவாய்.

"இதால இன்னா பிரயோஜனம்?" என்று கேட்டேன்.

"உன்னால இன்னா பிரயோஜனம்? உன்ன கூட வச்சிக்கினு சுத்தல?"

படத்தில் அங்கங்கே வெள்ளைப் புள்ளிகள் இருக்கும். வியாழனைச் சூழ்ந்த கதிர்வீச்சு கேமராவைத் தாக்குவதால் விழுபவை. மற்றவர்கள் துடைத்துவிடுவார்கள். நீ தொட மாட்டாய். "அழுக்கு இல்ல மாமே. அடி வாங்கிக்கினே எடுத்த படம். தொடச்சா பொய்." இதை உன் அப்பாவிடமும் சொன்னேன். அடுத்த நாள், "பண்ணித் தொல" என்றார்.

சில சுற்றுக்கு மேல் தாங்காது என்று கணித்து அனுப்பிய கேமரா அது. தாங்கியது. பிறகு கதிர்வீச்சில் கெட்டுப்போய், படமெல்லாம் கோடும் கலங்கலுமாக வந்தபோது, பூமியிலிருந்து கட்டளை அனுப்பி அதைச் சூடேற்றினார்கள். தெளிந்துவிட்டது. நாம் இரும்பைச் சூடாக்கி, மெல்ல ஆறவிட்டு, உள்ளே ஏறிய இறுக்கத்தை எடுக்கிறோமே, ஏறக்குறைய அதேதான். செய்தி வந்த அன்று, "நம்ம வேலைய அங்கயும் பண்றானுங்க மாமே" என்று ஷெட் முழுக்கச் சொல்லித் திரிந்தாய்.

கொஞ்ச நாளில் உன் கழுத்தில் கட்டி. கதிர்வீச்சு சிகிச்சைக்குப் போகும்போது, "வியாழனுக்குப் போறதுக்கு ட்ரெய்னிங்" என்றாய். நான் சிரிக்கவில்லை. கேமரா தேறியது, நீ தேறவில்லை. இதற்குள் ஏதோ அர்த்தம் இருப்பதாக எவன் சொல்ல வந்தாலும் கேட்க நான் தயாரில்லை.

நேற்று ஃபிளெக்ஸ் கடைக்குப் போனால், டிசைனர் புள்ளிகளையெல்லாம் எடுத்துவிட்டு, வழவழவென்று அடித்து வைத்திருந்தார்.

"டஸ்ட்டா இருந்துச்சு ப்ரோ. நானே க்ளீன் பண்ணிட்டேன்."

"புள்ளியோட திரும்ப அடிங்க."

"பாக்குறவங்க மெஷின் கோளாறும்பாங்க ப்ரோ."

"சொல்லட்டும்."

அடித்து முடிக்கும்வரை ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். கீழே 'இறைவனில் இளைப்பாறுகிறான்' என்ற வரியை அப்பாவுக்காக விட்டுவைத்தேன். நீ இளைப்பாறுகிற ஆளா?

காலையில் தெருமுனையில் நானும் அப்பாவும் அதைக் கட்டினோம். எதிர்வீட்டுக்காரர் வந்து அண்ணாந்து பார்த்தார்.

"இன்னா நைனா, கடக்காரன் ஏமாத்திட்டானா? புள்ளி புள்ளியா கீதே."

நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா கயிற்றை இன்னொரு முறை இழுத்து முடிச்சுப் போட்டார்.

"பிரின்ட்டு சரியாத்தான் கீது. அடி வாங்கிக்கினே எடுத்த படம். தொடச்சா பொய்."

உன் லேப்டாப் இப்போது என்னிடம் இருக்கிறது. நீ தொடாத படங்கள் அதில் ஏராளம். ஒவ்வொன்றாக ஒட்டுகிறேன். நிறம் எனக்குச் சரியாக வரவில்லை. நீ பார்த்தால் காறித் துப்புவாய். ஆனால் ஒரு புள்ளியைக்கூட நான் தொடவில்லை. தொடவும் மாட்டேன்.