ஆறு பன்னிரண்டுக்கு வந்த அழைப்பு

விழுப்புரம்,
15.06.2025, ஞாயிறு.

அன்புத் தங்கை ஆரோக்கியசெல்விக்கு,

துரைக்கண்ணு மகன் கோகுலகிருஷ்ணன் ஆகிய நான், வயது ஐம்பது, விழுப்புரம் நீதிமன்றத்தில் சிரஸ்தாராகப் பணிபுரிபவன், இக்கடிதத்தை ஒரே நோக்கத்துடன் எழுதுகிறேன். ஜூன் முதல் தேதி நீ அனுப்பிய குரல் பதிவில் என்னிடம் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். பதினான்கு நாள் தாமதத்துக்கு வேலைப்பளு காரணமன்று, பயம்தான் காரணம். தொலைபேசியில் சொல்லாமல் தபாலில் எழுதுவதற்கும் அதுவே காரணம். பேச்சில் பாதியை விழுங்கிவிடுவேன். எழுத்தில் அது முடியாது.

நீயும் மாப்பிள்ளையும் பிள்ளைகளும் மஸ்கட்டில் நலமாக இருப்பீர்கள் என நம்புகிறேன். இங்குள்ள காரியங்களை முதலில் சொல்லிவிடுகிறேன். உன் அப்பாவின் இறப்புச் சான்றிதழ் வந்துவிட்டது. 'தேவசகாயம்' என்பதில் எழுத்துப் பிழை இல்லை. மூன்று முறை சரிபார்த்தேன். முப்பதாம் நாள் பூசை திண்டிவனம் பங்குக் கோயிலில் குறைவின்றி நடந்தது. நானும் உன் அண்ணி அம்சாவும் போயிருந்தோம். ஒரே மழையில் கல்லறை மண் ஒரு பக்கம் உள்வாங்கியிருந்தது, நிரப்பச் சொல்லியிருக்கிறேன். வீட்டுச் சாவி பக்கத்து வீட்டுப் பாஞ்சாலியம்மாவிடம் பத்திரமாக இருக்கிறது.

இனி உன் கேள்வி. அப்பாவின் பட்டன் போனை நீ கையோடு எடுத்துச் சென்றாய். அதைப் பார்த்துவிட்டு இப்படிக் கேட்டிருந்தாய்: "அண்ணா, மே பதிமூணு காலைல ஆறு பன்னெண்டுக்கு ஒரு தபா, ஆறு பதினஞ்சுக்கு ஒரு தபா உங்களுக்குத்தான் போட்டிருக்காரு. என்னா பேசினாரு? என்னைப் பத்தி எதனா சொன்னாராண்ணா? ஈஸ்டர் அன்னிக்குச் சண்டை போட்டு போனை வச்சவதான், அப்புறம் நான் அப்பாகிட்ட பேசவே இல்ல."

அவர் எதுவும் பேசவில்லை, அம்மா. நான் எடுக்கவில்லை.

ஏன் எடுக்கவில்லை என்பது எனக்கும் உன் அப்பாவுக்கும் மட்டுமே தெரிந்த விஷயம். பதினோரு ஆண்டுகளுக்கு முன் நான் திண்டிவனம் நீதிமன்றத்துக்கு மாற்றலாகித் தினமும் பாசஞ்சர் வண்டியில் போய்வந்தேன். ஒரு மாலை ஜன்னலோரம் எதையோ முணுமுணுத்துக்கொண்டிருந்தபோது, எதிர் இருக்கைக்காரர் செய்தித்தாளை இறக்கி, "என்னா ராகம் சார் இது?" என்றார். பைரவி என்றேன். "காந்தாரத்த மிதிக்காமலே மேல ஏறிக்கினு போறீங்களே, அது முகாரி சார். பைரவின்னு வெளிய சொல்லாதீங்க, பேஜாரு ஆயிடும்" என்றார். அவர் ரயில் தபால் பிரிவில் முப்பத்தாறு ஆண்டுகள் கடிதங்களை ஊர்வாரியாகப் பிரித்து ஓய்வு பெற்றவர் என்பதையும், எந்த வாத்தியாரிடமும் உட்காராமல் வானொலியிலேயே ராகங்களைக் கற்றவர் என்பதையும் விழுப்புரம் வருவதற்குள் தெரிந்துகொண்டேன். அன்று முதல் எனக்கு உன் அப்பா ஐயா. அவருக்கு நான் சார்.

வானொலியில் நல்ல இசை வந்தால் ஒருவருக்கொருவர் மிஸ்டு கால் கொடுப்பது எங்கள் வழக்கம். அழைப்பைப் பெற்றவர் எடுக்கக் கூடாது. உடனே வானொலியைப் போட வேண்டும். கேட்டு முடித்ததும் பதிலுக்கு ஒரு மிஸ்டு கால் கொடுக்க வேண்டும். தவறி எடுத்துவிட்டவர் அடுத்த ஞாயிறு மற்றவர் ஊருக்குப் போய்க் காபி வாங்கித் தர வேண்டும். முதலில் இது காசு மிச்சம் பிடிக்கச் செய்த ஏற்பாடு. பேசுவது இலவசமான பிறகும் ஐயா மாற்ற விடவில்லை. "பேச ஆரமிச்சா பாட்டு பூடும் சார்" என்பார். இதை நான்கு விதிகளாக வெள்ளைத்தாளில் எழுதி அவருக்கு வாசித்துக் காட்டியவன் நான்தான். "செத்துப் பூட்டா எத்தினி ரிங்கு சார்? அதையும் எழுதிடுங்க" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். அவசரத்துக்கென்று ஒரு விதி எழுத எனக்குத் தோன்றவில்லை. விடுபட்டதைச் சுட்டிக்காட்டி ஆயிரக்கணக்கான மனுக்களைத் திருப்பி அனுப்பியவனுக்கு அது தோன்றவில்லை.

மே பதிமூன்றாம் தேதி, செவ்வாய். ஆறு பன்னிரண்டுக்குச் சவரம் செய்துகொண்டிருந்தேன். போன் அடித்தது, ஐயாவின் எண். வானொலியைப் போட்டேன். நாகஸ்வரத்தில் தோடி. அழைப்பு வழக்கம்போல ஒரு மணியோடு நிற்காமல் முழுவதும் அடித்து ஓய்ந்தது. அப்படிப்பட்ட தோடி, மனிதர் துண்டிக்க மறந்துவிட்டார் என்று எண்ணிக்கொண்டேன். பாதிக் கன்னத்தில் சோப்பு நுரையுடன் நின்றபடி கேட்டேன். ஆறு முப்பதுக்கு முடிந்தது. விதிப்படி ஒரு மிஸ்டு கால் கொடுத்தேன். அது அவர் காதருகே அடித்திருக்கும். ஆறு பதினைந்து அழைப்பைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன். அதற்கு இன்னும் கை வரவில்லை.

பாஞ்சாலியம்மா பால் கொடுக்கப் போய் ஐயாவைப் பார்த்தது ஏழரைக்கு. ஆட்டோவில் ஏற்றும்போதும் மூச்சு இருந்ததை உன்னிடமும் அவர் சொல்லியிருப்பார். அடக்கத்தன்று, எனக்கு ஏதாவது ஒரு துரும்பு கிடைக்காதா என்று அவரைத் தனியே அழைத்து, நீங்கள் போனபோது வானொலி பாடிக்கொண்டிருந்ததா என்று கேட்டேன். "ரேடியோவா? அது துணி போட்டு மூடினது மூடினபடி கெடந்துது சார். மனுசன் பாயவிட்டே எழுந்திரிக்கலியே, ரேடியோவ எங்க போட்டாரு" என்றார். ஐயா அந்தத் தோடியைக் கேட்கவே இல்லை. நான் மட்டும்தான் கேட்டேன்.

அன்றிலிருந்து அலுவலகத்தில் பக்கத்து மேசைப் போன் அடித்தாலும் எழுந்து நின்றுவிடுகிறேன். காலையில் ஆறு மணி அடிக்கும் முன்பே குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு, ஆறரைக்குத்தான் வெளியே வருகிறேன். அம்சா இரண்டு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, "அந்தப் பொண்ணு கேக்குறது ஒரே ஒரு வார்த்தை. 'செல்வி நல்லா இருக்கட்டும்'னு சொன்னாருன்னு சொல்லிட்டுப் போங்களேன். யாரு வந்து உங்களக் குறுக்கு விசாரணை பண்ணப் போறாங்க?" என்றாள். அவள் சொன்னது கருணையால்தான். நான் அந்தப் பொய்யைத் தனியே ஒருமுறை சொல்லியும் பார்த்தேன். தடங்கலில்லாமல் வந்தது. ஐயாவின் குரல்கூட அப்படியே வந்தது. அது என்னை மற்ற எல்லாவற்றையும்விட அதிகமாகப் பயமுறுத்தியது.

ஆகவே உண்மையில் உனக்கு உரியதை மட்டும் தருகிறேன். இதற்கடுத்த பத்தியைப் படித்தபின் நீ கடிதத்தைக் கிழித்துவிடக்கூடும் என்பதால் இதை முன்னால் வைக்கிறேன். மே நான்காம் தேதி, ஞாயிறு, திண்டிவனம் பேருந்து நிலையத்துக்கு எதிரே காபி குடித்துக்கொண்டிருந்தபோது உன் பேச்சு வந்தது. "ரேடியோவையே கட்டிக்கினு அழுங்கன்னுட்டு வச்சிட்டா சார். அவ மஸ்கட்டுக்குக் கூப்புடறதும் ஞாயந்தான, நான் இங்க ஒண்டியாத்தான கெடக்குறேன். ஆனா ஒண்ணு, கோவத்துல கத்துறப்பகூட எம் பொண்ணு சுருதி பிசகல" என்று சொல்லிவிட்டு, காபி சட்டையில் சிந்துமளவுக்குச் சிரித்தார். ரெண்டு நாள் போகட்டும், நானே போடுகிறேன் என்றும் சொன்னார். அவரிடம் கோபமில்லை. இதற்கு நான் சாட்சி. ஆனால் இது இறப்பதற்கு ஒன்பது நாள் முன்பு சொன்னது. இதை அவருடைய கடைசி வார்த்தை என்று நீ எண்ணிக்கொள்ளக் கூடாது.

ஆறு பதினைந்து. தோடி மேல் ஷட்ஜத்தைத் தொட்டு நின்றிருந்தது. அந்த இடத்தில் போன் மறுபடி அடித்தது. கேட்டுக்கொண்டுதானே இருக்கிறேன், இன்னும் எதற்கு என்று எரிச்சல் வந்தது. நான் எடுக்கவில்லை என்று மேலே எழுதியிருக்கிறேன். முதல் அழைப்புக்குத்தான் அது சரி. இரண்டாவதை நான் சிவப்புப் பொத்தானை அழுத்தித் துண்டித்தேன். எந்த விதியும் என்னைத் துண்டிக்கச் சொல்லவில்லை. அம்சாவுக்கும் இது தெரியாது.

ஆறு பன்னிரண்டிலிருந்து ஏழரை வரை எழுபத்தெட்டு நிமிடங்கள். பாஞ்சாலியம்மாவின் எண் என் போனில் இருந்தது. எடுத்திருந்தால் பிழைத்திருப்பாரா என்று டாக்டரிடம் கேட்க இரண்டு முறை ஆஸ்பத்திரி வாசல்வரை போய்த் திரும்பிவிட்டேன். நீ இருபது ஆண்டு நர்ஸ். யாரையும் கேட்க வேண்டிய தேவை உனக்கு இல்லை. படித்த கணத்திலேயே உனக்குத் தெரிந்துவிடும். நான் பயப்படுவது அந்தக் கணத்துக்குத்தான். நீ அண்ணா என்று கூப்பிடுவது அதோடு நின்றுபோகலாம். ஐயா போனபின் இந்த உலகத்தில் அவர் பேச்சைப் பேச எனக்கு இருப்பது நீ ஒருத்திதான்.

பிள்ளைகளைக் கண்ணும் கருத்துமாய்ப் பார்த்துக்கொள். அவர்களுக்கு என் ஆசிகள். என்னைத் திட்ட வேண்டுமானால் திட்டு; என்ன கேட்க வேண்டுமோ கேள். அழைக்காமல் மட்டும் இருந்துவிடாதே.

இக்கடிதத்தை நாளைக் காலை பத்து மணிக்குப் பதிவுத் தபாலில் சேர்ப்பேன். அது உன் கைக்கு வந்த நாளிலிருந்து எந்த நேரத்தில் நீ கூப்பிட்டாலும் எடுப்பேன். நீ ஒரு வார்த்தையும் பேசாமல் இருந்தாலும், நீயாக வைக்கும்வரை நான் வைக்க மாட்டேன்.

இங்ஙனம்,
து. கோகுலகிருஷ்ணன்