என் நன்றிக் கடிதத்தைத் திரும்பப் பெறுவது குறித்து

அனுப்புநர்
ஒப்தூலியா ரிங்கோன்,
ஓய்வுபெற்ற தொடக்கப்பள்ளி ஆசிரியை,
எண் 9, தோல்பதனிடுவோர் தெரு,
அல்மரேதா.

பெறுநர்
நகராட்சித் தலைவர் அவர்கள்,
நகர மன்றம், அல்மரேதா.

பொருள்: ரயில் பாதை அருகே கட்டி முடிக்கப்பட்டுள்ள புதிய பள்ளிக்கு, காலஞ்சென்ற முன்னாள் கல்வி அமைச்சர் தொன் லெயாந்த்ரோ பெனால்வாவின் பெயரைச் சூட்டும் தீர்மானத்தை ரத்து செய்யவும், அதற்கு ஆதாரமாகக் காட்டப்பட்டுள்ள என் கடிதத்தை நீக்கவும் கோருதல்.

பார்வை: முந்தைய மன்றத்தின் 23.3.1979 நாளிட்ட தீர்மானம், மூன்றாம் பத்தி.

மதிப்பிற்குரிய ஐயா,

1. தாங்கள் பதவியேற்று இரண்டு வாரமே ஆகிறது. இந்த ஊரில் நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகு ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் தலைவர் தாங்கள். இதை வாழ்த்தாக எழுதவில்லை. மனுவை யாரிடம் கொடுக்கிறேன் என்பது எனக்குத் தெரியும் என்று காட்டவே எழுதுகிறேன். யாரும் ஓட்டுப் போடாத முந்தைய மன்றம், தேர்தலுக்குப் பத்து நாள் முன்பு அவசரமாக நிறைவேற்றிய தீர்மானம் ஒன்று தங்கள் மேசையில் இருக்கிறது. வரும் செப்டம்பரில் பள்ளி திறக்கும்போது வாசலில் பெனால்வாவின் பெயர் இருக்க வேண்டும் என்கிறது அது.

2. தீர்மானம் மூன்று காரணங்களைச் சொல்கிறது. அவர் நம் மாகாணத்தில் பள்ளிகள் திறந்தார் என்பது முதலாவது. அவர் முன்மாதிரியான கத்தோலிக்கர் என்பது இரண்டாவது. மூன்றாவதை அப்படியே தருகிறேன்: "அக்காலத்தில் தண்டிக்கப்பட்ட ஆசிரியர்களும் அவரது கருணையை உணர்ந்து, தாமாக முன்வந்து நன்றி தெரிவித்துள்ளனர், ஆசிரியை ஒ. ரிங்கோன் 1950இல் எழுதிய கடிதம் இதற்குச் சான்று." அந்த ஒ. ரிங்கோன் நான்தான். முப்பது ஆண்டு பிள்ளைகளின் கட்டுரைகளைத் திருத்தியவள் என்ற முறையில், இந்த வாக்கியத்தில் "தாமாக முன்வந்து" என்ற இரண்டு சொற்களின் கீழ் சிவப்புக் கோடு போடுகிறேன்.

3. அவர் யார் என்பதைச் சுருக்கமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. 1937 ஜனவரியில், உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்தபோது, இந்த மாகாணத்து ஆசிரியர்களைச் சலித்தெடுக்க ஒரு குழு போட்டார்கள். கத்தோலிக்கப் பெற்றோர் சங்கத்தின் சார்பில் அதில் உட்கார்ந்தவர் முப்பத்தொரு வயது வழக்கறிஞர் பெனால்வா. தினமும் காலைப் பூசைக்குப் போவார். அதே பூசைக்கு நானும் போவேன். எனக்கு இரண்டு வரிசை முன்னால் முழந்தாளிடுவார். அவரது பிடரியை எனக்கு நன்றாகத் தெரியும்.

என் மீதான குற்றச்சாட்டு இது: போருக்கு முந்தைய குடியரசு ஆட்சியில் வகுப்பறைச் சுவரிலிருந்து பாடுபட்ட ஆண்டவரின் சிலுவையை எடுத்துவிட்டேன். விசாரணையில் பேசியதைப் பேசியபடியே எழுதுகிறேன். கேட்டதை அப்படியே நினைவில் வைக்கும் பழக்கம் எனக்கு உண்டு, தொழில் அப்படி.

"எடுத்தீங்களா இல்லையா, டீச்சர்?" என்று பெனால்வா கேட்டார்.

"சட்டம் எடுக்கச் சொல்லிச்சு, எடுத்தேன். குப்பையில போடல. துணியில சுத்தி என் மேசை டிராயர்ல வச்சேன்."

"டிராயர்லயா? அங்க ஆண்டவருக்கு மூச்சு முட்டாதா?"

குழுவில் இருந்த மற்ற நான்கு பேரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. அவர் எப்போதுமே சிரிக்க மாட்டார். மற்றவர்களைச் சிரிக்க வைத்துவிட்டு வருத்தமாக முகத்தை வைத்துக்கொள்வார்.

என்னைப் பணியிலிருந்து நீக்கினார்கள். அதே பள்ளியில் ஆண்பிள்ளைகளுக்குப் பாடம் நடத்திய என் கணவர் எலிசேயோவை, இனி எந்தப் பள்ளியிலும் எக்காலத்திலும் கற்பிக்கக் கூடாது என்று நீக்கினார்கள். ஆண்பிள்ளைகளையும் பெண்பிள்ளைகளையும் ஒன்றாக ஆற்றங்கரைக்குக் கூட்டிப்போய்த் தவளை முட்டைகளைக் காட்டினார் என்பது அவர் கோப்பில் இருக்கும் முதல் குற்றம். எலிசேயோ மாவு ஆலையில் மூட்டை தூக்கினார். தூசி நுரையீரலில் இறங்கியது. நான் வீட்டில் தையல் வேலை எடுத்தேன். பெனால்வா தலைநகருக்குப் போனார்.

4. அங்கே அவர் ஏறிய படிகளைத் தீர்மானம் பெருமையாக வரிசைப்படுத்துகிறது. நான் மறுபடி எழுதி மன்றத்தின் நேரத்தை வீணாக்க விரும்பவில்லை. இயக்குநர், செயலாளர், கடைசியில் கல்வி அமைச்சர். ஒவ்வொரு படியிலும் கீழே நின்ற ஆள் ஒருவர் நீக்கப்பட்டிருந்தார் என்பதை மட்டும் தீர்மானம் விட்டுவிட்டது. அவரைக் கொடியவர் என்று நான் சொல்லவில்லை. கொடியவர்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்கள் தாங்கள் செய்வது கொடுமை என்றாவது அறிந்திருந்தார்கள். இவர் கையெழுத்துப் போடுவார், பிறகு அந்தக் கையெழுத்துக்காக ஜெபிப்பார், ஜெபித்து முடித்ததும் கணக்குத் தீர்ந்தது என்று நிம்மதியாகத் தூங்குவார்.

5. இப்போது கடிதத்துக்கு வருகிறேன். 1950இல் அமைச்சர் பெனால்வா, நீக்கப்பட்டவர்களில் "மனந்திரும்பியவர்களை" மீண்டும் சேர்த்துக்கொள்ள முடிவு செய்தார். மாகாணக் கல்வி ஆய்வாளர் அலுவலகத்தின் செயலாளர் தொன் கஸ்தோ என்னைக் கூப்பிட்டனுப்பினார். விண்ணப்பத்தோடு நன்றிக் கடிதம் ஒன்றும் வேண்டும் என்றார். எழுதிக் கொடுத்தேன். எட்டு வரி. இலக்கணப் பிழை இல்லாத, வேறு எதுவும் இல்லாத எட்டு வரி. மூன்று வாரம் கழித்து அவர் திரும்பக் கூப்பிட்டார். என் முகத்தைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்துப் பேசினார்.

"இது பத்தாதும்மா. கொஞ்சம் ஈரமா இருக்கணும். அப்புறம், உங்க வீட்டுக்காரரப் பத்தி ஒரு வரி வேணும்."

"அவரப் பத்தி என்ன வரி?"

"உங்களுக்கே தெரியும். என்னைச் சொல்ல வைக்காதீங்க."

வீட்டுக்கு வந்து சமையலறை மேசையில் தாளை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். எலிசேயோ ஆலையிலிருந்து வந்தார். கை கழுவினார். எதிரில் உட்கார்ந்தார். நடந்ததைச் சொன்னேன்.

"எழுதிடு," என்றார்.

"என்னால முடியாது."

"அப்ப நான் சொல்றேன், நீ எழுது."

அவர்தான் சொன்னார். "என் பிழைகள் யாவும் என் கணவரின் இறை நம்பிக்கையற்ற போதனையால் விளைந்தவை, அவற்றிலிருந்து என்னை மீட்ட அமைச்சர் அவர்களுக்கு என்றென்றும் கடமைப்பட்டுள்ளேன்." நடுவில் ஓர் இடத்தில் இருமல் வந்து நிறுத்தினார். பிறகு தாளைத் திருப்பி வாங்கிப் படித்தார், நான் விட்ட அரைப்புள்ளி ஒன்றை வைத்தார். "நல்லா வந்திருக்கு. அவனுக்குப் பிடிக்கும்," என்றார்.

முன்னாள் அமைச்சரின் கருணைக்குச் சான்றாகத் முந்தைய மன்றத்தின் தீர்மானத்தில் நிற்பது இந்தக் கடிதம்தான், ஐயா. கணவரைப் பற்றிய வரியைத் தீர்மானம் எழுதியவர்கள் நாசூக்காக வெட்டிவிட்டார்கள். நான் வெட்டவில்லை.

6. எனக்கு வேலை கிடைத்தது, ஐந்து மணிநேரப் பேருந்துப் பயணத்தில், மலைக் கிராமம் ஒன்றில். 1952 அக்டோபரில் அமைச்சர் அங்கே வந்தார். குளிரில் செருப்பில்லாமல் நின்ற பிள்ளைகளைப் பார்த்ததும் அழுதார். அது நடிப்பில்லை. கண்ணீர் உண்மை, கைக்குட்டை நனைந்தது உண்மை. வகுப்பறைக்குக் கணப்பு அடுப்பு வேண்டும் என்று கேட்டேன்; உதவியாளர் குறித்துக்கொண்டார். ஆறு குளிர்காலம் அங்கே இருந்தேன், அடுப்பு வரவில்லை.

கிளம்பும் முன் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "உங்க கடிதத்தை என் ஜெபப் புத்தகத்துக்குள்ள வச்சிருக்கேன், டீச்சர்," என்றார்.

"என் வீட்டுக்காரர் இன்னும் மூட்டைதான் தூக்குறார். ராத்திரியெல்லாம் இருமுறார். அவர் விஷயம்…"

"அவருக்காகத் தினமும் ஜெபிக்கிறேன்மா."

நான் கேட்டது ஓர் ஆணை. அது அவர் பேனாவில் இருந்தது. எலிசேயோ 1958இல் இறந்தார், கற்பிக்கத் தடை செய்யப்பட்டவராகவே.

7. பிறகு மாணவர்கள் தலைநகரின் தெருவில் இறங்கினார்கள்; பெனால்வாவை நாட்டின் சர்வாதிகாரியே பதவியிலிருந்து இறக்கினார். அதற்குப் பிந்தைய கதையைத்தான் பத்திரிகைகள் விரும்பி எழுதுகின்றன: ஆட்சியோடு ஒத்துப்போகாத நல்லவர், உள்ளுக்குள் எப்போதும் ஜனநாயகவாதி. உள்ளுக்குள் இருந்ததாகச் சொல்லப்படும் அந்த ஜனநாயகவாதி, இருபது ஆண்டு தூதராகவும் பல நிறுவனங்களின் தலைவராகவும் கார் கதவைப் பிறர் திறக்க இறங்கிக்கொண்டிருந்தவரின் உள்ளே எந்த இடத்தில் உட்கார்ந்திருந்தார் என்று எனக்குத் தெரியவில்லை. டிராயரில் இருந்திருக்கலாம்.

8. 1977 மே மாதம், செனட் தேர்தலுக்கு நின்றபோது, அவர் என் வீட்டுக்கு வந்தார். கையில் கன்னியர் மடத்து முட்டை மிட்டாய்ப் பெட்டி. வயதாகியிருந்தது. நாற்காலி கொடுத்தேன், வந்தவரை நிற்க வைத்துப் பேசும் பழக்கம் எனக்கில்லை. நீக்கப்பட்ட ஆசிரியர்களுக்கு அவர் நல்லது செய்தார் என்று ஒரு தாளில் என் கையெழுத்து வேண்டும் என்றார்.

"எலிசேயோவ நீக்கினது நீங்க," என்றேன்.

"அன்னைக்கு நான் கையெழுத்துப் போடலேன்னா வேற எவனாவது போட்டிருப்பான், டீச்சர்."

"அந்த வேற எவனையும் நான் பார்க்கல. காகிதத்துல உங்க கையெழுத்துதான் இருக்கு."

மேசை விரிப்பின் ஓரத்தைத் தடவினார். "நான் பட்ட வேதனை உங்களுக்குத் தெரியாது," என்றார்.

"தெரியாதுதான். எனக்கு மூட்டை தூக்குறவங்க வேதனைதான் தெரியும்."

எழுந்தார். வாசலில் திரும்பி, மிக மென்மையாக, "பரவாயில்ல. உங்க பழைய கடிதம் ஒண்ணு இருக்கே," என்றார். அடுத்த வாரம் அது அவரது தேர்தல் துண்டறிக்கையில் வந்தது. அவர் தோற்றார். மிட்டாய்ப் பெட்டியை அன்றே பக்கத்து வீட்டு நாய்க்கு வைத்தேன் என்பதையும், நாய் தின்றது என்பதையும் உண்மையை மறைக்காமல் பதிவு செய்கிறேன்.

9. இதுவரை சொன்னது எல்லாம் எனக்கு முன்பே தெரிந்தவை. இவற்றுக்காக மட்டும் இந்த மனுவை எழுதியிருக்க மாட்டேன். ஊரில் எத்தனையோ சுவர்களில் எத்தனையோ பெயர்கள் இருக்கின்றன, நான் அவற்றைக் கடந்துதான் ரொட்டி வாங்கப் போகிறேன். ஆனால் சென்ற நவம்பரில், நீக்கப்பட்டவர்களின் பணிக்காலத்துக்குச் சான்று வாங்க மாகாண ஆவணக் காப்பகத்துக்குப் போனேன். அங்கிருந்த பெண் ஊழியர் என் கோப்பை முழுதாக என்முன் வைத்துவிட்டுப் போய்விட்டார். அதில் என் முதல் கடிதம், அந்த எட்டு வரிக் கடிதம், இருக்கிறது. அதன் ஓரத்தில் பச்சை மையில் அமைச்சரின் கையெழுத்தில், சுருக்கொப்பத்துடன், இப்படி எழுதியிருக்கிறது: "உலர்ந்திருக்கிறது. கணவரைப் பற்றி ஒரு வரி தேவை. மீண்டும் எழுதச் செய்யவும்."

இருபத்தெட்டு ஆண்டுகள் அந்த வரியைக் கேட்டவர் தொன் கஸ்தோ என்றே நினைத்திருந்தேன். அவரைத் தெருவில் பார்த்தால் எதிர்ப்பக்கம் போய்விடுவேன். அவர் சாவுக்கும் போகவில்லை. அவர் ஏன் ஜன்னலைப் பார்த்துப் பேசினார் என்பது இப்போது புரிகிறது. அவரிடம் மன்னிப்புக் கேட்க வழியில்லை. வெறுப்பை மட்டும் அதற்குரிய முகவரிக்கு மாற்றிவிட்டேன்.

நாட்டின் எல்லாப் பள்ளிகளையும் கையில் வைத்திருந்த ஒரு மனிதர், ஒரு நாள் பிற்பகல் உட்கார்ந்து, தான் வேலையைப் பறித்த ஒரு பெண்ணின் நன்றியைத் தொட்டுப் பார்த்து, ஈரம் போதவில்லை என்று திருப்பி அனுப்பியிருக்கிறார். பிறகு திருத்திய பிரதியை ஜெபப் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டார்.

10. ஆகவே நான் கோருவது: தீர்மானத்தின் மூன்றாம் பத்தி நீக்கப்பட வேண்டும். 1950இல் நான் எழுதிய கடிதத்தை, அதன் இரண்டு வடிவங்களையும், இன்று முதல் திரும்பப் பெற்றதாகப் பதிவு செய்ய வேண்டும். பள்ளிக்கு அவர் பெயர் வைக்கக் கூடாது. மாற்றாக என் கணவரின் பெயரை நான் பரிந்துரைக்கவில்லை; அவர் இதைக் கேட்டிருந்தால் சிரித்திருப்பார். தண்டவாளத்துப் பள்ளி என்றுதான் அந்தப் பக்கத்து ஜனங்கள் இப்போதே சொல்கிறார்கள். பிள்ளைகளுக்கு எழுதுவதற்கும் அது எளிது.

இரண்டு கடிதங்களின் சான்றொப்பமிட்ட நகல்களையும், ஓரக் குறிப்போடு, இணைத்திருக்கிறேன். இரண்டாவதில் என் கணவரைப் பற்றி இருப்பதை ஊர் அறியும் என்பது எனக்குத் தெரியும். அறியட்டும். என் கையால் எழுதியது. நான் அதை மறுக்கவில்லை, திரும்பப் பெறுகிறேன்.

வரும் 10ஆம் தேதி, வியாழக்கிழமை மன்றக் கூட்டத்தில் இந்த மனு எடுத்துக்கொள்ளப்படும் என்று தங்கள் அலுவலகத்தில் சொன்னார்கள். எழுத்தர் யாரும் வாசிக்க வேண்டியதில்லை. நானே வந்து வாசிக்கிறேன். ஒலிபெருக்கியும் தேவையில்லை, நாற்பது பிள்ளைகள் இருந்த அறையில் கடைசி வரிசைக்குக் கேட்ட குரல் இது.

இடம்: அல்மரேதா
நாள்: 2 மே 1979

மரியாதையுடன்,
(ஒப்தூலியா ரிங்கோன்)
எலிசேயோ பாரியெந்தோஸ் என்ற ஆசிரியரின் மனைவி